தரையைக் குத்திய கோடு

டீச்சருக்குக் கோபம் வராது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குடும்பத்தில் பாதிக் காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். மாலையில் தம்பியின் பட்டறைக்கு வந்து சறுக்கு மரங்களுக்குக் கோடு போட்டுக் கொடுப்பாள். பூங்காவில் பிள்ளைகள் படியேறி உட்கார்ந்து, விர்ரென்று கீழே வருகிற சறுக்கு மரம்தான். மரம் என்பது பேருக்கு. இப்போதெல்லாம் இரும்புச் சட்டமும் ஃபைபரும். மேலேயிருந்து தரைவரை அது எப்படி வளைந்து வர வேண்டும் என்று முடிவு செய்வது டீச்சரின் வேலை.

அந்தப் பட்டறையில் காகிதத்தில் எதையும் வரைவதில்லை. டீச்சர் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, சறுக்கு மரம் என்ன அளவோ அதே அளவில், சாக்பீஸால் வரைவாள். அந்தக் கோட்டின் மேலேயே பலகையைப் போட்டு அச்சு வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிடுவார்கள், அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே.

"டீச்சர், ஒரு பூஜ்யத்துக்கே மதிப்பு கிடையாது. நீங்க என்னடான்னா எல்லாத்துக்கும் ரெண்டு பூஜ்யம் வேணும்ங்கறீங்க" என்று வெல்டர் ஒரு நாள் வம்புக்கு இழுத்தார்.

கேட்டால் போதும், டீச்சர் உடனே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவாள். "தரையை ஒரு நேர்கோடுன்னு வச்சுக்கோங்க. சறுக்கு அந்தக் கோட்டுக்கு வர்ற இடத்துல உயரம் பூஜ்யம். சமன்பாட்டுல அந்தப் பூஜ்யம் ஒரே ஒரு தடவை வந்தா, கோடு தரையைக் குத்திக்கிட்டு உள்ள போயிடும். அதே பூஜ்யம் ரெண்டு தடவை வந்தா, குத்தாது. மெதுவா வந்து தொடும், தொட்டுட்டு மேல திரும்பிடும். அந்தத் தொடுற இடத்துல தரையோட தரையா படுத்திருக்கும் பாருங்க, அங்கதான் நம்ம சறுக்கை முடிக்கிறோம். பிள்ளை வழுக்கிட்டு வந்து சும்மா உக்காந்திருக்கும்."

"மூணு தடவை வந்தா?"

"இன்னும் நேரம் படுத்திருந்துட்டு, அப்புறம் சாவகாசமா உள்ள போகும். ரெண்டு, நாலுன்னு இரட்டைப்படையா வந்தா தொட்டுத் திரும்பும். ஒண்ணு, மூணுன்னு ஒற்றைப்படையா வந்தா தாண்டிப் போகும். எத்தனை தடவை வருதோ அத்தனைக்கத்தனை சோம்பேறி ஆயிடும் கோடு."

"அப்ப எங்க மச்சினன் நூறு தடவை வந்த பூஜ்யம்" என்றார் வெல்டர். பட்டறையே சிரித்தது.

டீச்சர் விடவில்லை. இரண்டு பூஜ்யங்களும் தள்ளித் தள்ளி இருந்தால் கோடு முதல் இடத்தில் தரைக்குள் இறங்கி, கொஞ்ச தூரம் பாதாளத்தில் போய், இரண்டாவது இடத்தில் வெளியே வரும் என்று வரைந்து காட்டினாள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள். பள்ளம் சின்னதாகிக்கொண்டே வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது பள்ளமே இல்லை. தொடுதல் மட்டும் இருந்தது. "சேர்ந்து இருக்கணும். ஒண்ணு நகர்ந்தாலும் போச்சு" என்றாள். தம்பி வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். டீச்சரின் கணவர், அவளைக் கூட்டிப்போக வந்தவர், கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கணவரைப் பட்டறையில் புரொபசர் என்பார்கள். கல்லூரியில் கணக்குதான் நடத்துகிறார். டீச்சரும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த வகுப்பில் முதல் மதிப்பெண் யாருக்கு என்பது வீட்டில் பேசக்கூடாத பேச்சு. நல்ல மனிதர் என்றுதான் தெருவே சொல்லும். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதையும் ஒரு நல்ல குணமென்று டீச்சர் இத்தனை வருடம் நினைத்திருந்தாள், பாவம்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் விளையாட்டு மூலைக்குச் சறுக்கு மரம் வேண்டும் என்று தம்பிக்கு வேலை வந்தது. இரண்டு மீட்டர் உயரம், தரையில் நாலு மீட்டர் நீளம். டீச்சர் வழக்கம்போல நாலாவது மீட்டரில் இரட்டைப் பூஜ்யம் வைத்துக் கோடு போட்டாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள்கள் குவிந்துவிட்டதால் அதற்குப் பிறகு பட்டறைப் பக்கமே அவள் போகவில்லை. சறுக்கு மரத்தைக் கொண்டுபோய் நட்டாகிவிட்டது என்று தம்பி சொன்னான். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

பிறகு ஒரு மாலை தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நின்றான். "அக்கா, நேத்து ஒரு சின்னப் பொண்ணுக்குக் கால் உடைஞ்சு போச்சு."

டீச்சர் எழுந்துவிட்டாள். "விழுந்துட்டாளா?"

"விழல. சறுக்கிட்டு வந்து கீழ சேர்ற இடத்துல கால் தரையில குத்திடுச்சாம். கணுக்கால். அங்க எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க. கோடு யார் போட்டதுன்னு கேட்டாங்க..." தம்பி நிமிரவில்லை. "எங்க அக்கான்னு சொல்லிட்டேன்."

"நான்தானே போட்டேன், சொல்லாம என்ன?" என்றாள் டீச்சர். அவள் புத்தி அதற்குள் கணக்குக்குள் இறங்கிவிட்டது. கால் குத்தியதென்றால் கோடு குத்தியிருக்கிறது. கோடு குத்தியதென்றால் பூஜ்யம் ஒரு தடவைதான் வந்திருக்கிறது. நான் எங்கே விட்டேன்?

கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பதறாதம்மா. தப்பு யாருக்கும் வரும்" என்றார்.

அந்த வாக்கியம் ஆறுதல் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு டீச்சர் பட்ட பாடு இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூட நினைக்கக் கூடாது. பட்டறைத் தரையைக் கழுவியாகிவிட்டது. அவள் போட்ட கோட்டை இனி யாரும் பார்க்க முடியாது. நினைவிலிருந்து மறுபடி போட்டாள். சரியாக வந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் சரி. கணக்கு சரியென்றால் கைதான் தப்பு. சறுக்கு மரத்தைப் போய்ப் பார்க்கிறேன் என்றால், "இப்ப அங்க போனா அடிக்கவே வந்துடுவாங்கக்கா" என்றான் தம்பி. "அவன் சொல்றது சரிதான், கொஞ்சம் ஆறட்டும்" என்றார் கணவர்.

"நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்" என்று ஒரு நாள் அவரிடமே கேட்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "கணக்குல பழுதில்ல. ஆனா தரையில போடறப்ப கை தவறியிருக்கலாம். அன்னைக்கு நீ தலைவலின்னு சொல்லிட்டிருந்தே, ஞாபகம் இருக்கா?"

தலைவலி இருந்ததா? இருந்திருக்கும் என்று டீச்சர் நம்பினாள். வேறு யாரை நம்புவாள்?

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. டீச்சர் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "தப்பு என்னோடதுங்க. எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் பத்தாது." அந்த அம்மா அதிகம் பேசவில்லை. "இனிமே இந்த வேலையைச் செய்யாதீங்க. அது போதும்" என்று மட்டும் சொன்னாள். சரி என்று டீச்சர் வாக்குக் கொடுத்தாள். கணவர் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் வகுப்பில் அதே பாடம் வந்து தொலைத்தது. மீண்டும் வரும் பூஜ்யங்கள், வரைபடத்தின் போக்கு. "இந்த இடத்துல கோடு அச்சைத் தொட்டுட்டு..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வாய் வரவில்லை. எத்தனையோ வருடமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற பாடம். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், இதுவும் எனக்குத் தெரியாதா என்று அவளுக்கு அழுகை வந்தது.

சறுக்கு மரத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னான். போனை வைத்த கையோடு டீச்சர் பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். அடித்தால் அடிக்கட்டும். எங்கே தவறினேன் என்று தெரியாமல் சாகக் கூடாது.

காவலாளிக்கு அவள் யாரென்று தெரியவில்லை. அளவெடுக்க வந்திருக்கிறேன் என்றதும் விட்டுவிட்டார். கயிறு கட்டி மறித்திருந்த சறுக்கு மரத்தைத் தூரத்திலேயே பார்த்து டீச்சர் நின்றுவிட்டாள்.

இது அவளுடையதே இல்லை.

அவள் போட்டது நாலு மீட்டர். இது இரண்டு மீட்டரிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை, மின்சாரப் பெட்டிக்குப் புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். இடம் குறைந்துபோனதை அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. சறுக்கின் அடிப்பக்கம் படுக்காமல், சாய்வாகவே வந்து தரையைக் குத்திக்கொண்டு நின்றது. சிமெண்ட் தரையில் ஒரு ரப்பர் பாயைப் போட்டிருந்தார்கள், பெரிய கருணை!

முதலில் தம்பிமேல்தான் கோபம் வந்தது. இடம் பத்தவில்லை என்றதும் வெட்டி ஒட்டியிருக்கிறான் கடங்காரன் என்று பல்லைக் கடித்தாள். ஆனால் கணக்கு டீச்சர் இல்லையா, கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்து அரை மீட்டருக்கு ஒரு தடவை உயரத்தை அளந்தாள். உச்சியில் இரண்டு மீட்டர். அடுத்தது நூற்றி முப்பத்தொன்றேகால் சென்டிமீட்டர். அடுத்து எழுபத்தைந்து. அடுத்து முப்பத்தொன்றேகால். பிறகு பூஜ்யம்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் வித்தியாசம் பார்த்தாள். அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே எண்: பன்னிரண்டரை.

டீச்சர் இன்னொரு தடவை கழித்துப் பார்த்தாள். வெட்டி ஒட்டியவன் கைக்கு இப்படி வராது. குத்துமதிப்பாக வளைத்தவனுக்கு எண்கள் இப்படி வரிசை கட்டி நிற்காது. இது கணக்குப் போட்டு வரைந்த கோடு, சுத்தமான இருபடி. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு பூஜ்யம். ஒன்று தரையைக் குத்திய இடம், அப்படியானால் இன்னொரு பூஜ்யம் எங்கேயோ இருக்க வேண்டும். ஒரு செங்கல் துண்டை எடுத்துச் சுவரின் நடுவில் இதுதான் தரை என்று ஒரு கோடு இழுத்து, அதே பன்னிரண்டரையைக் கூட்டிக் கூட்டிக் கோட்டை மேற்கொண்டு ஓட்டினாள். கோடு தரைக்குக் கீழே போனது. கால் மீட்டர் ஆழம்வரை இறங்கியது. திரும்பியது. மேலே ஏறி ஏறி, தரைக்கு வெளியே வந்த இடம் சரியாக நாலாவது மீட்டர்.

அவளுடைய நாலு.

அவள் வைத்த இரண்டு நாலில் ஒன்றை எடுத்து இரண்டில் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றைத் தொடவில்லை, அது சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிற இடத்தில், அப்படியே இருந்தது. தம்பிக்குக் காரணியும் தெரியாது, வர்க்கமும் தெரியாது. அவள் போட்ட சமன்பாடும் தெரிந்து, அதில் எதை நகர்த்தினால் கோடு எங்கே போகும் என்றும் தெரிந்தவர் இந்தக் குடும்பத்தில் இன்னொருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர், போன முடியோடேயே திரும்பி வந்தது நினைவுக்கு வந்தது. கடையில் கூட்டம் என்றார். டீச்சர் அப்போது தாள் திருத்திக்கொண்டிருந்தாள். செங்கல் துண்டைக் கீழே போட்டுவிட்டு, அந்த ரப்பர் பாயின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் காலையில் படிக்காமல் விட்ட பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாலை ரெண்டாக்கினீங்க. இன்னொரு நாலை ஏன் விட்டீங்க?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். எந்த நாலு, என்ன பேசுகிறாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"ரெண்டையும் மாத்திப் பாத்தேன்மா. மேல சுவர் மாதிரி செங்குத்தா நின்னுச்சு, பிள்ளைங்க பயப்படும். ஒண்ணை மட்டும் மாத்தினா கொஞ்சம் சாய்வா வந்துச்சு."

"கீழ குத்தும்னு தெரியாதா உங்களுக்கு?"

"பாய் போடச் சொன்னேனே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட வந்தா உயரத்தைக் குறைம்பே, இல்ல முடியாதும்பே. அதே உயரத்துல செஞ்சு தர்றேன்னு மாப்ள அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டான். மாமா, நீங்கதான் காப்பாத்தணும்னு வந்து நின்னான். நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"என்கிட்ட மட்டும் சொல்லாம இருக்க முடிஞ்சுதே?" டீச்சரின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டறியாத குரல். "நான் திரும்பத் திரும்ப அந்தக் கணக்கைப் போட்டுட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சீங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாத்தீங்க. எனக்குத் தலைவலின்னு நீங்கதான் சொன்னீங்க! என் கையே எனக்குப் பகையாயிடுச்சுங்க. பாடம் நடத்த நாக்கு வரல எனக்கு."

அவர் உடைந்துபோனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "பயந்துட்டேன்மா. காலேஜுல தெரிஞ்சா மானம் போயிடும். ஆனா சத்தியமா நான் யார்கிட்டயும் உன் பேரைச் சொல்லல. சொன்னது மாப்ள. நான் வாயை மூடிட்டு இருந்தேன், அவ்வளவுதான் நான் செஞ்ச தப்பு."

டீச்சர் கையை இழுத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த அழுகை அவளை என்னவோ செய்தது. கோழை, என்று நினைத்தாள். கோழையோடு குடித்தனம் நடத்திவிடலாம், எத்தனை பேர் நடத்தவில்லை? திட்டித் தீர்த்து, பேசாமல் கொஞ்ச நாள் இருந்து, பிறகு பேசி. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"நான் நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றாள்.

"நானும் வரேன்" என்றார் அவசரமாக.

"வேணாம்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அந்தக் குடியிருப்புக்குப் போனாள். பெண்ணின் அம்மா கதவைத் திறந்து, ஒரு கணம் தயங்கி, உள்ளே வரச் சொன்னாள். உள்ளறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அளந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடு தன்னுடையது இல்லை என்றாள். மாற்றிப் போட்டது தன் வீட்டுக்காரர் என்றாள். தன் பேரைச் சொன்னது தம்பி என்றாள். "அவர் பயத்துல பேசாம இருந்துட்டார். அவரையும் மன்னிக்கணும்னு நான் கேக்கல. உங்களுக்கு உண்மை தெரியணும், அதுக்குத்தான் வந்தேன்."

அந்த அம்மா எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "பேசாம இருந்தாரா?" என்று கேட்டாள்.

டீச்சருக்குப் புரியவில்லை.

"உங்க தம்பி எங்ககிட்ட யார் பேரையும் சொல்லலீங்க. பட்டறைல போட்ட கோடுன்னு மட்டும்தான் சொன்னார். கால் உடைஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே உங்க வீட்டுக்காரர் தனியா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் மனைவிதான் போட்டா, நான் எத்தனையோ தடவை எச்சரிச்சேன், பிடிவாதக்காரி, கேக்க மாட்டேன்னுட்டா அப்படின்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். போலீஸ்னு போனா அவ தாங்க மாட்டா, எனக்காக விட்டுடுங்கன்னார். அவருக்காகத்தான் நாங்க புகார் குடுக்கல. பொண்டாட்டி மேல இவ்வளவு பாசமான்னு நான் எங்க வீட்டுல சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனேங்க."

எங்க அக்கான்னு சொல்லிட்டேன் என்று தம்பி நிமிராமல் நின்றது யார் சொல்லிக் கொடுத்து என்று இப்போது விளங்கியது. நேற்று தன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையும் விளங்கியது. அது முதல் தடவை அழுத அழுகை இல்லை.

எப்படி விடைபெற்றாள், எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. அவர்தான்.

"என்னம்மா, என்ன சொன்னாங்க?"

"நீங்க சொன்னதைச் சொன்னாங்க" என்றாள் டீச்சர். "ஆஸ்பத்திரில, முதல் நாளே, தனியா வந்து."

அந்தப் பக்கத்திலிருந்து, வகுப்பில் பாடம் சொல்லுகிற அதே பதமான குரல் வந்தது. "அது அப்படி இல்லம்மா. நீ அங்கயே இரு. நான் வந்து அவங்களுக்கும் உனக்கும் விளக்கிச் சொல்றேன்."

"வராதீங்க" என்றாள் டீச்சர். "நீங்க விளக்கினா யாரா இருந்தாலும் நம்பிடுவாங்க. நான்கூட நம்பினேன், அந்தப் பொண்ணு காலை ஒடிச்சது நான்தான்னு."